எடை குறைக்கும்போது போதுமான அளவு சாப்பிடுவது எப்படி? செட்டிநாட்டுச் சமையலறையிலிருந்து ஒரு செய்முறை

நடை, ஜிம், எடைப் பயிற்சி என்று இறங்கிய பிறகு சிலருக்குப் பசியே எடுக்காது. குறைத்துச் சாப்பிடுவதற்காகக் கணக்குப் போட்டு வைத்த அளவைக்கூட எட்ட முடியாது. வெளியே சொன்னால், "எடை குறையத்தானே ஓடுற, சாப்பாடு குறைஞ்சா நல்லதுதானே?" என்பார்கள். நல்லதில்லை. தேவைக்கு மிகவும் கீழே மாதக்கணக்கில் ஓடினால் கொழுப்போடு தசையும் கரையும். தூக்கம் கெடும், முடி கொட்டும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். காரைக்குடியில் என் வீட்டுச் சமையலை மாற்றாமலே இதைச் சரிசெய்திருக்கிறேன். அந்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: உண்மையிலேயே குறைவாகத்தான் சாப்பிடுகிறீர்களா?

காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், தினமும் எடை பாருங்கள். வார சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று வாரம் போதும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இறங்கி, கூடவே அசதியும் இருந்தால் சாப்பாடு போதவில்லை. எடை அசையவே இல்லை என்றால் சாப்பாடு குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். கணக்கில் எங்கோ எண்ணெய் விட்டுப்போயிருக்கும். அப்படிப்பட்டவர்கள் நேரே படி 4-க்குப் போகலாம்.

படி 2: இலக்கு

சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று கணக்கிட மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் போதும். கிலோவில் எடையை 10-ஆலும், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். 74 கிலோ, 158 சென்டிமீட்டர், 38 வயதுப் பெண்ணுக்கு 1,376 வரும். வாரத்தில் ஓரிரு நாள் லேசான பயிற்சி என்றால் அதை 1.375-ஆல் பெருக்குங்கள், நாள் முழுக்கத் தேவைப்படுவது ஏறக்குறைய 1,890. எடை குறைய அதில் 400 குறைத்தால் 1,490. நான் 1,500 என்றே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1,000-க்கு இறங்கினால் சீக்கிரம் இளைக்கலாம் என்ற ஆசையே வேண்டாம்.

படி 3: அரிசியா, சோறா?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. என்னையும் இதுதான் நிறுத்தி வைத்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே 100 கிராம் சோற்றில் சுமார் 130 தான், மீதி எடை தண்ணீர். கலோரி எண்ணும் ஆப்பில் "ரைஸ்" என்று தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். தட்டில் 200 கிராம் சோறு போட்டுவிட்டு, அரிசிக் கணக்கைத் தொட்டுவிட்டால் 700 கலோரி என்று பதிவாகும். வயிற்றுக்குள் போனது 250 தான். மதியமும் இரவும் இப்படியே நடந்தால், நோட்டில் இலக்கை எட்டியிருப்பீர்கள், உடம்புக்கு 900 கலோரி வந்தே சேர்ந்திருக்காது. அசதிக்குக் காரணமும் புரியாது.

இதற்கு ஒரே வழி, அரிசியைச் சமைக்கும் முன்பே நிறுப்பது. வெறும் பாத்திரத்தின் எடையை ஒருமுறை பார்த்து, அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அரிசி 300 கிராம் போடுகிறீர்கள். வெந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்தால் 840 கிராம் சோறு என்று வருகிறது. 840-ஐ 300-ஆல் வகுத்தால் 2.8. இனி தட்டில் விழும் சோற்றை 2.8-ஆல் வகுத்தால் அரிசி எடை கிடைத்துவிடும். 200 கிராம் சோறு என்பது 71 கிராம் அரிசி, ஏறக்குறைய 250 கலோரி.

இந்த 2.8 என் வீட்டு எண். குக்கரில் வைப்பதும் கஞ்சி வடிப்பதும் ஒன்றில்லை, பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒன்றில்லை. அரிசி மாற்றினால் மறுபடி ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

சத்துக் கணக்குக்கு நான் நம்புவது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையை. அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்களின் அளவுகள். முன்கூட்டியே நிறுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் அரிசிக்கு நேராக 1,491 என்று பார்த்ததும் பதற வேண்டாம், அது கிலோஜூல். 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி.

படி 4: எண்ணெய்

எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். பாட்டிலை எடுத்து வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். திரையில் -38 என்று காட்டினால் 38 கிராம் போயிருக்கிறது. கிராமுக்கு 9 கலோரி, ஆக 342. கரண்டிக் கணக்கு, கண்ணளவு எல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

நம் பக்கக் கோழிக் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே தெளிந்து நிற்கும். முதலில் அள்ளுகிறவர் தட்டுக்கு அதில் பாதி போய்விடும், கடைசியில் அள்ளுகிறவருக்கு வெறும் மசாலாதான் மிஞ்சும். நன்றாகக் கலக்கிவிட்டு அள்ளினால்தான் பங்குக் கணக்கு சரியாக வரும்.

படி 5: வயிறு நிறைவதற்குள் சத்து உள்ளே போக வேண்டும்

எடை குறைக்கிறேன் என்று எண்ணெய், தேங்காய், பருப்பு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கொள்ளு ரசமும் காய்கறியும் மட்டும் நிரப்பினால் வயிறு நிறையும், கலோரி ஏறாது. நம் பக்கக் காய் வகைகளான மண்டியும் கோசுமல்லியும் அருமையானவை, ஆனால் பசியில்லாத ஆள் அவற்றை முதலில் சாப்பிடக் கூடாது. முட்டை, மீன், பருப்பு, சோறு முதலில். காய் அப்புறம். தண்ணீரும் ரசமும் கடைசியில்.

கடுமையான பயிற்சி முடிந்த கையோடு பசி மந்தமாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் தட்டு நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பால் 130, பழம் 100, 30 கிராம் கடலை 170. ஆக 400 கலோரி, வயிறு கனக்காது.

என் முதல் தேர்வு உளுந்தங்களி. தோலோடு வறுத்து அரைத்த உளுந்து மாவு 40 கிராம், கருப்பட்டி 20 கிராம், நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, மாவைக் கட்டியில்லாமல் கலக்கி, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். எண்ணெயைச் சிறிது சிறிதாக விட, களி வாணலியின் ஓரத்தை விட்டு ஒன்றாகச் சுருண்டு, கையில் தண்ணீர் தொட்டுத் தொட்டால் ஒட்டாமல் வரும். அதுதான் பதம். சிறிய கிண்ணம்தான், ஆனால் சுமார் 325 கலோரி, 9 கிராம் புரதம். வயலுக்குப் போகிறவர்களுக்கு அப்பத்தா காலையில் இதைத்தான் உருட்டிக் கொடுப்பார். நெய் போட்டு உருட்டிய மாவுருண்டையும் இதே கணக்குதான், சின்னதாகப் பிடித்தாலும் ஒன்று 140-ஐத் தாண்டும். நாலு மணிக்கு இடைப்பலகாரம் சாப்பிடும் வழக்கம் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விடாதீர்கள், பலகாரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

புரதம் சீக்கிரம் வயிற்றை நிறைத்துவிடும். அதனால் ஒரே வேளையில் நாலு முட்டை வேண்டாம். காலையில் இரண்டு, மதியம் மீன், இரவில் தயிர் என்று பிரித்துவிடுங்கள். எட்ட நினைக்கும் எடைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் என்ற கணக்கு தொடக்கத்துக்குப் போதும்.

கருவிகள்

5 கிலோ வரை நிறுக்கும் சாதாரண டிஜிட்டல் தராசு ஒன்று போதும். ஆப்பைவிட நோட்டுப் புத்தகம்தான் எனக்குப் பிடிக்கும். நம் வீட்டுக் குழம்பு எந்த ஆப்பிலும் கிடையாது, ஆனால் ஒருமுறை நோட்டில் எழுதினால் ஆயுசுக்கும் கிடைக்கும். கைக்கடிகாரம் காட்டும் கலோரி எரிப்பை நம்பிச் சாப்பிடாதீர்கள், பல நேரம் கூட்டித்தான் காட்டும்.

பின்னர் சேர்த்தது

இட்லியை எப்படி நிறுப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இட்லியை நிறுக்காதீர்கள். 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து ஊறவைத்தால் மொத்தம் ஏறக்குறைய 1,740 கலோரி. அந்த மாவில் 32 இட்லி வந்தால் ஒன்றுக்கு 54. உங்கள் தட்டுக் குழியின் அளவைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், பயிற்சியில் எரிந்த 300 கலோரியைத் தனியாகக் கூட்டிச் சாப்பிட வேண்டுமா என்று கேட்டார். படி 2-இல் 1.375-ஆல் பெருக்கியபோதே பயிற்சி கணக்கில் வந்துவிட்டது, மறுபடி கூட்ட வேண்டாம். பயிற்சி நாள்கள் வாரத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து என்று கூடியிருந்தால் 1.55-ஆல் பெருக்கி இலக்கையே மாற்றுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் இருந்தாலும், சாப்பாட்டைப் பார்த்தாலே பயமாக இருந்தாலும் தராசை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.