செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை நான்கு நாளில் நடந்தே பார்ப்பது எப்படி?

விசா, டிக்கெட் எல்லாம் எடுத்து முடித்தவர்களுக்கான பதிவு இது. நான் போனது ஜூனில், வெண்ணிரவுக் காலத்தில். இரவு பதினொன்றுக்கும் வானம் வெளுத்தே கிடந்தது. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் ஏமாந்தேன். அந்தக் கதை 5ஆம் படியில்.

படி 1: பணம், வரைபடம், செருப்பு

2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா கார்டு, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவில் செல்லாது. டாலரோ யூரோவோ கையில் கொண்டுபோய் அங்கே வங்கியில் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். வரைபடத்துக்கு என் ஓட்டு யாண்டெக்ஸ் மேப்ஸுக்கு. ஊர் வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வையுங்கள். குடை வேண்டாம், ஆற்றங்கரைக் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். புது ஷூவைத் தயவுசெய்து இங்கே முதன்முதலாகப் போடாதீர்கள்.

படி 2: ஊரின் முக்கியச் சாலையான நேவ்ஸ்கியைப் பின்பக்கமிருந்து நடங்கள்

எல்லாரும் அரண்மனைப் பக்கமிருந்து தொடங்குவார்கள். நான் சொல்வது நேர்மாறு. மாஸ்கோ ரயில் நிலையத்தருகே தொடங்கி பழைய கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி நோக்கி நடந்தால் அதன் தங்க ஊசிக் கோபுரம் முன்னாலேயே நின்று வழிகாட்டும். கட்டட எண்களும் குறைந்துகொண்டே வரும், வழி தப்பவே தப்பாது. வழியில் அனிச்கோவ் பாலத்தின் நான்கு குதிரைச் சிலைகள், அப்புறம் நெப்போலியனை எதிர்த்த தளபதி குதூசவ் அடக்கமான கசான் பேராலயம். அதற்கு எதிரே கால்வாய் ஓரமாக எட்டிப் பார்த்தால் இரத்தம் சிந்திய மீட்பர் ஆலயம் தெரியும். 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் மீது குண்டு வீசப்பட்ட அதே இடத்தில் எழுப்பியது.

14ஆம் எண் சுவரில் நீலப் பின்னணியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: பீரங்கித் தாக்குதலின்போது தெருவின் இந்தப் பக்கம் மிகவும் ஆபத்தானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை இந்த ஊரை வளைத்த 872 நாள் முற்றுகைக் காலத்து வாசகம். குண்டுகள் தெற்கிலிருந்து வந்ததால் வடக்குப் பக்கச் சுவர்தான் அடி வாங்கியது. எதிர்ப்பக்கமாக நடந்து இதைத் தவறவிட்டு விடாதீர்கள்.

இடையில் பல்ஷயா கன்யூஷென்னயா தெருவில் பிஷ்கி கடை. நம்ம வடை போல நடுவில் ஓட்டை, மேலே சர்க்கரைத் தூள். ஐந்து வாங்குங்கள், இரண்டு போதாது.

படி 3: எர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள்

அன்று வேறெதுவும் வேண்டாம். உள்ளேயே கால் கழன்றுவிடும்.

படி 4: ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பகல் பன்னிரண்டுக்கு முன் பீட்டர்–பால் கோட்டைக்குப் போய்விடுங்கள். தினமும் சரியாகப் பன்னிரண்டுக்குப் பீரங்கி வெடிக்கும். தெரிந்தே நின்றும் நான் துள்ளிவிட்டேன். 1703இல் ஊர் பிறந்ததே இந்தக் கோட்டையில்தான். அங்கிருந்து பிர்ஷவோய் பாலம் தாண்டினால் வசீலியெவ்ஸ்கி தீவின் முனை, அதையடுத்து குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகம். ரஷ்ய ஆய்வாளர்களான மெர்வார்ட் தம்பதி 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிச் சேர்த்த பொருட்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தவைதான். கணவர் அலெக்சாந்தர் மெர்வார்ட் பிற்பாடு தமிழ்ப் பேச்சுவழக்குக்கு ரஷ்ய மொழியில் இலக்கணமே எழுதினார்.

படி 5: பாலம் தூக்குவதைப் பார்ப்பது (இங்கேதான் மாட்டினேன்)

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, கப்பல் போவதற்காக நேவா ஆற்றுப் பாலங்களை நள்ளிரவு தாண்டித் தூக்குவார்கள். என் விடுதி வடக்கே, பெத்ரோகிராத் பகுதியில். நான் வேடிக்கை பார்த்தது தெற்கே, அரண்மனைக் கரையில். ஒன்றேகால் வாக்கில் அரண்மனைப் பாலம் இரண்டாகப் பிளந்து நிமிர்ந்தது. கூட்டம் கைதட்டியது, நானும் தட்டினேன். சரி, அடுத்த பாலத்தில் போவோம் என்று த்ரோயித்ஸ்கி பாலத்துக்கு நடந்தால், பாதி வழியிலேயே அதுவும் எழுந்து நின்றது. மெட்ரோ நள்ளிரவு வாக்கிலேயே மூடிவிட்டது.

மூன்றுக்குச் சற்று முன் அரண்மனைப் பாலம் கொஞ்ச நேரம் இறங்கியது. ஓடிப்போய் வசீலியெவ்ஸ்கி தீவில் ஏறினேன். ஆனால் தீவிலிருந்து விடுதிக்குப் போகும் பிர்ஷவோய் பாலம் மேலே! தீவின் இன்னொரு பாலமான தூச்கோவ் அந்நேரம் இறங்கியிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது. ஐந்து மணிவரை கல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே: அன்றைய அட்டவணையில் எல்லாப் பாலங்களின் நேரத்தையும் தாளில் எழுதி வையுங்கள், நேரம் அவ்வப்போது மாறும். அதைவிட எளிது, அறையைத் தெற்குக் கரையில் எடுப்பது. அரண்மனைப் பாலத்தின் இரு கைகளுக்கு நடுவே கோட்டைக் கோபுரம் தெரியும் அந்தப் படமும் தெற்கிலிருந்துதான் கிடைக்கும்.

நான்காம் நாள்? கிரிபயேதவ் கால்வாயோரம் தங்கச் சிறகு கிரிஃபின்கள் காவல் நிற்கும் வங்கிப் பாலம்வரை மெதுவாக நடங்கள். திட்டமெல்லாம் வேண்டாம்.

பின்சேர்க்கை: இதை நம்பித் திங்களன்று எர்மிடாஜ் வாசலில் நின்ற வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எர்மிடாஜும் குன்ஸ்ட்கமேராவும் திங்கள் விடுமுறை. மீட்பர் ஆலயமும் ஐசக் பேராலயமும் புதன். படிகளின் வரிசையை உங்கள் கிழமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பாலம் தூக்குவதை ஜனவரியில் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: நேவா உறைந்து கிடக்கும் காலம் அது, பாலம் தூக்க மாட்டார்கள். நிம்மதியாக எந்தக் கரையிலும் அறை எடுக்கலாம்.