மைலேஜ் கம்மியானா இன்ஜின்ல கைய வைக்காதீங்க, மொதல்ல பின் வீல சுத்தி பாருங்க

போன வருஷம் என் 125 சிசி வண்டி லிட்டருக்கு 54 குடுத்துட்டு இருந்தது திடீர்னு 43க்கு இறங்கிருச்சு. பெங்களூர்ல அல்சூர்ல இருந்து பெல்லந்தூர் ஆபீஸுக்கு டொம்லூர், ஓல்ட் ஏர்போர்ட் ரோடு, மாரத்தஹள்ளி பாலம்னு போக வர 30 கிலோமீட்டர் பக்கம், மாசம் 25 நாள் வச்சா 750 கிலோமீட்டர். அப்ப மாசத்துக்கு மூணரை லிட்டர் சும்மா போகுது. 2024 ஜூன்ல கர்நாடகா அரசு வரிய ஏத்துனதுல இருந்து பெங்களூர்ல பெட்ரோல் 102 ரூபாய தாண்டிருச்சு, அந்த கணக்குக்கு மாசம் 350 ரூபாய்க்கு மேல.

எல்லாரும் பண்றத தான் நானும் பண்ணேன், வண்டிய சர்வீஸ்ல விட்டேன். ப்ளக் மாத்துனாங்க, ஏர் ஃபில்டர் மாத்துனாங்க, இன்ஜெக்டர் கிளீனிங்னு ஒரு பில் போட்டாங்க, மொத்தம் 1,900 ரூபா. அடுத்த டேங்க்ல பாத்தா 44.

அப்புறம் மர்பி டவுன்ல ஒரு வயசான மெக்கானிக் அண்ணாகிட்ட கொண்டு போனேன். அவரு இன்ஜின் பக்கமே போகல, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல் பண்ணி, பின் வீல கையால ஒரு தள்ளு தள்ளுனாரு. முக்கா சுத்து போய் நின்னுருச்சு, நிக்கும்போது ஸ்ஸ்ஸ்னு ஒரு உரசல் சத்தம். "தம்பி, பிரேக்க புடிச்சிக்கிட்டே ஓட்டிருக்கீங்க, பெட்ரோல் எப்படி பத்தும்?"னு கேட்டாரு. முந்துன சர்வீஸ்ல பிரேக் ஷூ மாத்துனப்ப ராட் நட்ட ஓவரா டைட் பண்ணி விட்டுருக்காங்க. நாலு சுத்து லூஸ் பண்ணாரு, மறுபடி தள்ளுனா வீல் மூணு ரவுண்டு தாராளமா சுத்துச்சு. காசு கூட வாங்கல. அடுத்த டேங்க் 52.

மைலேஜ் போற எடம் முக்கால்வாசி நேரம் இன்ஜினுக்கு வெளிய தான் இருக்கு, பிரேக், டயர், செயின், அப்புறம் நம்ம ரெண்டு கையும் ஒரு காலும். அத விட்டுட்டு இன்ஜின பிரிக்க சொல்றது தான் நான் பாத்ததுலயே பெரிய தவறு, அதனால தான் இத இவ்வளவு விரிவா எழுதுறேன்.

பிரேக்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். டிரம் பிரேக் பெடல மிதிச்சா மொதல் 20ல இருந்து 30 மில்லிமீட்டர் சும்மா போகணும், அதுக்கப்புறம் தான் புடிக்கணும். தொட்டதும் புடிச்சா நல்லா இருக்குன்னு நம்மாளுங்களே டைட் வைக்க சொல்லி கேட்டு வாங்குறாங்க, அது தப்பு. இன்னொன்னு, வண்டி சரியா இருந்தாலும் நம்ம கால் சும்மா இருக்காது. சில்க் போர்டு சிக்னல் மாதிரி நெரிசலான எடத்துல எப்ப எவன் குறுக்க வருவான்னு தெரியாம வலது கால் பெடல் மேலயே உக்காந்திருக்கும், லேசா அழுத்திக்கிட்டே இருக்குறது நமக்கே தெரியாது. பாதத்தோட நடுப்பகுதிய ஃபுட்ரெஸ்ட்ல வச்சு, விரல் மட்டும் பெடலுக்கு மேல தூக்குன மாதிரி வச்சு பழகுங்க. சந்தேகம் இருந்தா ஆபீஸ் போய் இறங்குனதும் பின் வீல் நடுவுல டிரம் கிட்ட புறங்கைய கொண்டு போய் பாருங்க, தொட வேணாம், பிரேக்கே அதிகம் புடிக்காம வந்த அன்னைக்கும் அனல் அடிச்சா உரசுதுன்னு அர்த்தம். முன்னாடி டிஸ்க் பிரேக்கும் இப்படி ஒட்டிக்கும், மழையும் சேறும் சேந்து பேட புடிச்சிருக்குற காலிப்பரோட பின் இறுகிட்டா பேட் திரும்ப விலகாது, அத கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சாலே சரியாயிரும்.

டயர் காத்து பத்தி எல்லாருக்கும் தெரியும், ஆனா பாக்க மாட்டாங்க. டியூப்லெஸ் வந்ததுல இருந்து பஞ்சர் ஆனா கூட மெதுவா தான் இறங்குது, அதனால 20 பிஎஸ்ஐல ஓடிட்டு இருக்குறது மாசக்கணக்கா தெரியாது. கட்டை விரல்ல அமுக்கி பாக்குறதும் கால்ல உதைச்சு பாக்குறதும் வேலைக்கு ஆகாது. செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், தனியா போனா எவ்வளவு, பின்னாடி ஆள் உக்காந்தா எவ்வளவுன்னு போட்டிருக்கும், அது தான் கணக்கு. வாரம் ஒரு தடவ, காலைல வண்டி ஓடி சூடாகுறதுக்கு முன்னாடி, வீட்டு பக்கத்து பங்க்ல பாருங்க. மைலேஜுக்காக சொன்னத விட அஞ்சாறு பிஎஸ்ஐ கூட வைக்கிறவங்களும் இருக்காங்க, பெங்களூர் மழைல சிமெண்ட் ரோட்ல வழுக்குனா அந்த மிச்சம் புடிச்ச பெட்ரோல் ஆஸ்பத்திரி பில்லுக்கு காணாது. பார்வைக்காக பின்னாடி குண்டு டயர் போடுறதும் மைலேஜ தின்னும்.

செயின் காஞ்சு துரு ஏறி கிடந்தா, இல்ல இழுத்து கட்டுன மாதிரி டைட்டா இருந்தா இன்ஜின் தர்ற சக்தி பாதி வழிலயே வீணாகும். 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா துடைச்சு லூப் (செயின் ஆயில்) விடுங்க, நடுவுல புடிச்சு ஆட்டுனா சாதாரண வண்டிக்கு 20 - 30 மில்லிமீட்டர் ஆடணும், அவ்வளவு தான்.

கிளட்ச் தான் பெங்களூர்க்காரங்களோட பெரிய வியாதி. டொம்லூர் பக்கம் சாயங்காலம் ஆறரை மணிக்கு வண்டி பத்தடி நகரும் நிக்கும், பத்தடி நகரும் நிக்கும், அப்ப நாம செகண்ட் கியர்ல ஹாஃப் கிளட்ச் புடிச்சு ஆக்சிலேட்டர முறுக்கிக்கிட்டே தவழ்றோம், இன்ஜின் சுத்துற அளவுக்கு வீல் சுத்தாது, நடுவுல இருக்குற வித்தியாசம் எல்லாம் கிளட்ச் பிளேட்ல சூடா போகுது. முன்னாடி வண்டி நகர்ந்ததும் ஒட்டிக்கிட்டே போகாம பதினஞ்சு இருபதடி இடைவெளி வரட்டும், அப்புறம் ஃபர்ஸ்ட் போட்டு கிளட்ச முழுசா விட்டு ஆக்சிலேட்டர் தொடாம உருளுங்க. நடுவுல ஆட்டோ புகுந்துரும்னு சொல்வீங்க, புகுந்துட்டு போகட்டும், அடுத்த சிக்னல்ல பக்கத்துல தான் நிக்கும். கிளட்ச் லீவர் நுனில 10 - 15 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே, அதாவது சும்மா ஆடுற தூரம், கட்டாயம் இருக்கணும், இல்லன்னா கைய எடுத்தாலும் கிளட்ச் பாதி புடிச்ச மாதிரியே தான். வீட்ல மிச்சம் இருக்குதேன்னு கார் ஆயில பைக்ல ஊத்துறது ரொம்ப தப்புங்க. நம்ம பைக்ல பெரும்பாலும் கிளட்ச் ஆயிலுக்குள்ளயே முங்கி இருக்கும், கார் ஆயில்ல வழுவழுப்புக்காக சேக்குற பொருள் பிளேட்ட வழுக்க விட்டுரும். டப்பால ஜாசோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு (JASO MA / MA2, இந்த மாதிரி கிளட்ச்சுக்கான ஆயில் தரம்) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

ஓட்டுற விதத்துல ஒன்னு சொல்றேன். காலி ரோட பாத்ததும் 60 வரைக்கும் முறுக்கி, நூறு மீட்டர்ல இருக்குற ஹம்ப்புல பிரேக் அடிக்கிறோம்ல, அந்த வேகத்துக்கு எரிச்ச பெட்ரோல் மொத்தமும் பிரேக்ல சூடா போயிருச்சு. 40ல போறப்ப வண்டில இருக்குற இயக்க சக்திய விட 60ல ரெண்டே கால் மடங்கு, அவ்வளவையும் பிரேக் தான் முழுங்கணும். தூரத்துல சிவப்பு தெரிஞ்சதும் ஆக்சிலேட்டர விட்டுருங்க, கியர்லயே உருண்டு வரட்டும். இங்க ஒரு பழைய பழக்கம் இருக்கு, ஃப்ளைஓவர் இறக்கத்துல நியூட்ரல் பண்ணி விடுறது. பிஎஸ்6 புகை விதி வந்த 2020க்கு அப்புறம் பெரும்பாலான வண்டி ஃபியூல் இன்ஜெக்‌ஷன், கியர்ல வச்சு ஆக்சிலேட்டர மூடி இறங்குனா வீலே இன்ஜின சுத்த வைக்கும், பெட்ரோல் சப்ளைய கம்ப்யூட்டர் கட் பண்ணிரும். நியூட்ரல்ல தான் ஐட்லிங்குக்கு பெட்ரோல் எரியும். ஆக இதுல மிச்சமும் இல்ல, அவசரத்துக்கு இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காது. டாப் கியர் போட்டா மைலேஜ்னு நெனச்சு 20 ஸ்பீட்ல நாலாவது கியர்ல உறும விட்டு இழுக்குறதும் தப்பு தான், இன்ஜின் திணறுற மாதிரி அதிர்ந்தா ஒரு கியர் இறக்குங்க.

சிக்னல்ல அரை நிமிஷத்துக்கு மேல நிக்கிற மாதிரி இருந்தா ஆஃப் பண்ணுங்க. சில வண்டில அதுவே ஆஃப் ஆகி கிளட்ச் புடிச்சதும் ஸ்டார்ட் ஆகுற வசதி இருக்கு, தொல்லைன்னு அந்த சுவிட்ச ஆஃப் பண்ணி வைக்கிறவங்க தான் நெறைய பேரு.

இதெல்லாம் பாக்குறதுக்கு முன்னாடி மைலேஜ ஒழுங்கா அளக்கணும், அதுலயே பாதி பேரு கோட்ட விடுறாங்க. 200 ரூபாய்க்கு போட்டு முள்ள பாத்து கணக்கு போட்டா எதுவும் தெரியாது. ஒரே பங்க்ல, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கன் ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் நிரப்புங்க, ஓடோமீட்டர போட்டோ எடுத்துக்கோங்க. 300 கிலோமீட்டர் ஓடுனதும் அதே பங்க்ல அதே மாதிரி நிரப்பி, ஓடுன தூரத்த ரெண்டாவது தடவ போட்ட லிட்டரால வகுங்க. ரெண்டு மூணு தடவ எடுத்தா தான் உண்மையான நம்பர் வரும். கட் ஆனதுக்கு அப்புறமும் வழிய வழிய ஊத்த சொல்லாதீங்க.

இப்ப எல்லாரும் எத்தனால் மேல பழிய போடுறாங்க. எத்தனால்ல பெட்ரோல விட சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்ல மைலேஜ் கொஞ்சம் இறங்குறது நிஜம் தான், பழைய டூவீலருக்கு 3 - 4 சதவீதம் குறையும்னு 2021 நிதி ஆயோக் அறிக்கையே சொல்லுது. 54ல 4 சதவீதம்னா ரெண்டு கிலோமீட்டர். என் வண்டில போனது பதினொன்னு. உங்களுக்கும் பத்து பன்னெண்டு கொறஞ்சிருந்தா எத்தனால் மட்டும் காரணமா இருக்காது, நாளைக்கு காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப்ல சென்டர் ஸ்டாண்ட் போட்டு அந்த வீல ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க.