குறிலுக்கு ஒரு மிதி, நெடிலுக்கு இரண்டு

எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை முற்றத்தில் இறக்கி, சொல்லைச் சொல்லிச்சொல்லி மிதித்து ஆட விடுங்கோ: குறிலுக்கு 1 மிதி, நெடிலுக்கு 2, மெய்க்கு மிதி வேண்டாம். 'படம்' 2 மிதி, 'பாடம்' 3. வன்னியில் முற்றத்து மணலுக்கா பஞ்சம்! பதிந்த தடத்தைப் பிள்ளையே எண்ணிப் பார்க்கும்.

டிஸ்லெக்சியா (வாசிக்க, எழுத்துக்கூட்டத் தடுமாறும் கற்றல் சிக்கல்) உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில்தான். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 என்ற அளவைக் கால் பிடித்துக்கொண்டால், எழுதும்போது அரவு (ா) போட அந்த மிதியே நினைவூட்டும். மிதித்த சொல்லை உடனே மணலில் விரலால் எழுதவும் வேணும். ஆட்டம் மட்டும் வாசிப்பைத் தராது.

ன-ண, ல-ள-ழ குழப்பத்துக்கு இது உதவாது, அங்கே நீளம் ஒரே அளவுதான். காது கேட்பதில் சந்தேகம் இருந்தால் முதலில் அதைச் சோதியுங்கோ.