தொட்டியை மூடிவிட்ட லெதர் பவளத்தை இடம் மாற்றி வெட்டுவது எப்படி?

மூன்று வருடத்துக்கு முன், இன்னொருவரின் கடல்மீன் தொட்டியில் வெட்டிய ஒரு துண்டாகத்தான் இந்த லெதர் பவளம், அதாவது தண்டும் காளான் போன்ற தலையும் கொண்ட மென்பவளம், கிளிநொச்சியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்போது ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. இன்றைக்கு அதன் தலை ஒரு சோற்றுக் கோப்பையின் அகலம். நாலடித் தொட்டியில் பாதி வெளிச்சத்தை அதுவே மறைக்கிறது, கீழே இருந்த பச்சை நட்சத்திரப் பொலிப் என்ற இன்னொரு பவளம் வெளிறத் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால் பயப்பட வேண்டாம். அவசரப்படாமல் செய்தால் பவளமும் பிழைக்கும், தொட்டியும் பிழைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கடலில் இருந்து பவளம் எடுப்பது சட்டப்படி தடை. தொட்டியில் வளர்ந்து வெட்டிய துண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வெட்டி மிஞ்சுகிற துண்டுகளைக் கடலிலோ கடனீரேரியிலோ விடவும் கூடாது.

எப்போது கை வைக்கலாம்?

லெதர் பவளம் இடைக்கிடை சுருங்கி, பொலிப்புகளை, அதாவது பூப்போல விரிகிற அதன் சின்ன வாய்களை, உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினது போல மினுங்கும். கஞ்சி ஆறினால் படியும் ஆடையைப் போல ஒரு தோல் அதன்மேல் நிற்கும். அது நோய் இல்லை, தோல் கழற்றுகிறது. சில நாளில், சிலவேளை இரண்டு வாரத்தில், ஆடை உரிந்து பழையபடி விரியும். அந்த நாட்களில் தொடாதீர்கள். வடிவாக விரிந்து நிற்கிற பவளத்தைத்தான் வெட்ட வேண்டும்.

காலமும் முக்கியம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தொட்டுவிடும். இந்தப் பவளத்துக்கு 25, 26 பாகைதான் சுகம். சூட்டில் வெட்டிய காயம் கெதியாக அழுகும். என்னால் முடிந்தவரை மார்கழி, தை மாதக் காலை நேரத்தில்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

முதல் நாள்: தண்ணீர்

வன்னிக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக் கல்லைப் பார்த்தாலே காரணம் விளங்கும். குடிக்க விற்கிற ஆர்.ஓ. தண்ணீரை, அதாவது சவ்வால் வடிகட்டிய தண்ணீரை, வாங்கலாம், ஆனால் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற டி.டி.எஸ். மீற்றர் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் ருசிக்காகத் தாதுப்பொருள் திரும்பச் சேர்ப்பார்கள். 10க்குக் கீழே காட்டினால் நல்லது. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடல்மீன் தொட்டிக்குரிய உப்பைப் போட்டு, ஒரு சின்னப் பம்பால் ஒரு நாள் முழுக்கக் கலக்க விடுங்கள். அடர்த்தி 1.025 இருக்க வேண்டும்.

முல்லைத்தீவுக் கடலில் இருந்து கானில் தண்ணீர் கொண்டுவருகிற ஆட்களும் இருக்கிறார்கள். மாரியில், நந்திக்கடலின் மழை வெள்ளம் வட்டுவாகல் பக்கத்தால் கடலுக்குள் இறங்குகிற காலத்தில், அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. உப்பும் குறையும், கலங்கலும் கூடும்.

தொட்டியின் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுகிற அளவுக்கும், அதற்கு மேல் இரண்டு வாளிக்கும் உப்புத் தண்ணீர் தயாராக வேண்டும். வடிகட்டிக்குள் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் பையையும் அன்றைக்கே வைத்துவிடுங்கள். லெதர் பவளம் தன் இடத்தைக் காக்கத் தண்ணீருக்குள் நச்சுப்பொருளைச் சுரக்கும், வெட்டினால் இன்னும் கூடச் சுரக்கும். பக்கத்தில் கற்பவளங்கள் இருந்தால் அவற்றுக்குத்தான் முதல் அடி. கார்பன் அதை உறிஞ்சி எடுக்கும்.

இடம் மாற்றுதல்

நான் முதல் தடவை விட்ட பிழை, தலையைப் பிடித்து இழுத்தது. தலை ஓரத்தில் கிழிந்து, அந்தக் கிழிசல் ஆற ஒரு மாதம் எடுத்தது. பவளத்தைத் தூக்கக் கூடாது, அது உட்கார்ந்திருக்கிற கல்லைத்தான் தூக்க வேண்டும்.

பம்புகளை நிறுத்துங்கள். நீளமான கையுறை போடுங்கள், பவளத்தின் சளி சிலரின் தோலில் கடிக்கும். விரல் நுனியால் தலையை மெதுவாகத் தட்டிவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள். உள்ளே பிடித்துவைத்திருக்கிற தண்ணீரை விட்டு, கண் முன்னாலேயே சுருங்கிப் பாதி அளவாகும். விரிந்து நிற்கையில் தூக்கினால் அந்தத் தண்ணீரின் பாரத்தாலேயே தண்டு மடியும். சுருங்கின பிறகு ஒரு கையைக் கல்லின் அடியிலும் மற்றக் கையைத் தலைக்குக் கீழேயும் கொடுத்து, தண்ணீருக்குள்ளேயே நகர்த்துங்கள். வெளியே எடுத்தாலும் சில நிமிடம் தாங்கும்.

புதிய இடத்தில் சுற்றிவர ஒரு சாண் வெளி வேண்டும். நீரோட்டம் மிதமாக, இடையறாமல் படட்டும், பம்பின் வாய்க்கு நேரே வேண்டாம். அதன் மேலால் ஓடிவருகிற தண்ணீர் நேராகக் கற்பவளங்களில் போய் விழுகிற மாதிரியும் வைக்காதீர்கள். முன்பிருந்ததைவிட வெளிச்சம் கூடின இடம் என்றால், முதல் ஒரு வாரம் தாழ்வாக வைத்துப் பிறகு ஏற்றுங்கள்.

கல் பெரியது, அசைக்கவே முடியாது என்றால் வெட்டுவதுதான் வழி.

வெட்டுதல்

முடிந்தால் தொட்டிக்கு வெளியே, உப்புத் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து வெட்டுங்கள், நச்சு அங்கேயே நின்றுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதே கல்லில் பொத்தான் பவளம், அதாவது சோவாந்திட் (zoanthid) வகை, ஒட்டி வளர்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அந்தக் கல்லை ஒருநாளும் சுடுதண்ணீரில் போடவோ அவிக்கவோ கூடாது, ஆவியே ஆபத்து.

புதிய பிளேட் ஒன்றை எடுங்கள். தலைக்குக் கீழே, மூன்று நாலு சென்ரிமீற்றர் தண்டை விட்டு, குறுக்காக ஒரே இழுவையில் வெட்டுங்கள். முற்றிய நுங்குத் தோலை அரிவது போல இருக்கும், ஆனால் உள்ளே மணல் கடிபடுகிற மாதிரி நறநறவென்று ஒரு உணர்வு கைக்கு வரும். தசைக்குள் கிடக்கிற நுண்ணிய சுண்ணாம்பு முட்கள்தான் அது. கெட்ட மணமும் வரும். அறுத்து அறுத்து இழுத்தால் காயம் பிசிராகும், அழுகல் அங்கேதான் பிடிக்கும்.

தண்டை அப்படியே விட்டுவிடுங்கள். சில வாரத்தில் வெட்டின வாய் மூடி, நாளடைவில் புதிய தலை அதிலிருந்தே வரும். வெட்டின தலையை மூன்று சென்ரிமீற்றருக்குக் குறையாத துண்டுகளாகப் பிரிக்கலாம். எல்லாவற்றையும் இரண்டாவது வாளியில் ஒருமுறை அலசிய பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

துண்டை ஒட்டவைத்தல்

சுப்பர் குளூ மட்டும் பூசினால் பிடிக்காது, சளி வந்து மறுநாளே கழன்று மிதக்கும். ஒரு பல்லுக்குத்தும் குச்சியைத் துண்டுக்குள் குறுக்காகச் செருகி, குச்சியின் இரு முனையையும் இறப்பர் பட்டியால் சின்னக் கல்லோடு கட்டுங்கள். பட்டி துண்டின் மேலே இறுக்கக் கூடாது, தசையை வெட்டிவிடும். இன்னும் லேசான வழி, சிறு கற்கள் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் துண்டுகளை வைத்து மேலே வலை கட்டுவது. வெங்காயம் வருகிற வலைப்பை போதும், கழுவிவிட்டுப் பாவியுங்கள். பழைய நுளம்பு வலையை வெட்டிப் போட நினைக்காதீர்கள். மருந்து தோய்த்த வலை என்றால் தொட்டியில் இருக்கிற இறால் எல்லாம் சாகும். ஒன்றிரண்டு வாரத்தில் துண்டுகள் தாமாகவே கல்லைப் பிடித்துவிடும்.

பிறகு

அன்றைக்கே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஸ்கிம்மர், அதாவது நுரையால் அழுக்கை எடுக்கிற கருவி, நுரைத்துப் பொங்கும், சில நாளைக்குக் குறைத்து வையுங்கள். கார்பனை நாலாம் நாள் மாற்றுங்கள். கரண்ட் நின்றால் தாங்க, பற்றரியில் ஓடுகிற எயார் பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு வாரம் சுருங்கியே கிடந்தாலும் எடுத்து எறிந்துவிடாதீர்கள். விரலால் தொட்டால் இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழ் போல மண்ணிறமாகக் கரைந்தால் மட்டும், அந்த இடத்தை நல்ல தசையோடு சேர்த்து வெட்டி அகற்றி, மிச்சத்தைக் கழுவி வையுங்கள்.

துண்டை வவுனியாவில் இருக்கிற நண்பருக்குக் கொடுத்தனுப்புவது என்றால், அது கல்லைப் பிடித்து, பொலிப் விரிந்த பிறகே அனுப்புங்கள். மூடியுள்ள போத்தலில் பாதி தண்ணீர், பாதி காற்று. ஏ9 பஸ்ஸில் யன்னல் வெயில் படாமல், மடியில் ஒரு துவாயால் சுற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.