வளவு வீட்டில் கொள்ளைநோய்க் காலத்தைக் கடத்தும் முறை

திருநெல்வேலிச் சீமையின் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு வளவு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒரே நடைவாசல், நடுவில் பொது முற்றம், இரு பக்கமும் வரிசையாக வீடுகள், புறவாசலில் ஓர் அடிபம்பு, அதை அடுத்து இரண்டு கழிப்பறைகள். எங்கள் வளவில் 7 வீடுகள், 31 பேர். எல்லா வீட்டிலும் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆண்கள் கொத்து வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறார்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் அறிவுரை வந்தது. எட்டடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் குடும்பம் எந்தப் பக்கம் ஆறடி தள்ளிப்போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. அதை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இனி இப்படியொரு காலம் வந்தால் நம்மைப் போன்ற வளவுகளில் இருப்பவர்கள் முதல் நாளிலிருந்தே சரியாகத் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தில், நாங்கள் செய்ததையும் தவறவிட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்றுதான். வளவில் இருக்கும் ஏழு வீட்டையும் ஏழு வீடாக எண்ணாதீர்கள். ஒரே வீடாக எண்ணுங்கள். ஊரடங்கின் முதல் வாரத்தில் நாங்கள் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டாரிடம் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டோம். ஆனால் ஏழு வீட்டாரும் ஒரே பம்புக் கைப்பிடியைத்தான் பிடித்தார்கள். ஏழு வீட்டிலிருந்தும் ஏழு பேர் தனித்தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வந்தார்கள். நோய் உள்ளே வர ஏழு வழிகளைத் திறந்து வைத்துவிட்டு, ஆபத்துக்கு உதவ வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர்களை மட்டும் விலக்கி வைத்திருந்தோம். எட்டாம் நாள் மாலை எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது.

ஆகவே முதல் வேலை, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கணக்கெடுப்பது. ஒவ்வொருவரின் பெயர், வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், இழுப்பு போன்ற பழைய நோய்கள், அன்றாடம் விழுங்கும் மாத்திரை, அது எந்தத் தேதியில் தீரும் என்பது வரை எழுதுங்கள். நாங்கள் எழுதிய அன்றே நான்கு பேருக்குச் சர்க்கரை மாத்திரை அந்த வாரத்தோடு தீர்ந்துவிடும் என்று தெரிய வந்தது. அவர்களில் ஒருவரும் அதுவரை வாய் திறந்து சொல்லவில்லை, ஏனென்றால் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பயம். இன்டர்நெட் உள்ள போன் யாரிடம் இருக்கிறது, பைக் ஓட்டத் தெரிந்தவர் யார், கர்ப்பிணி யார் என்பதையும் அதே நோட்டில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது, வெளியே போகும் ஆளைத் தேர்ந்தெடுப்பது. வளவு முழுவதற்கும் இரண்டு பேர் போதும். இளவயதாக, பழைய நோய் இல்லாதவர்களாக, முடிந்தவரை வீட்டில் வயதானவர்கள் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஏழு வீட்டுச் சாமானையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒருவர் மட்டும் போக வேண்டும். திரும்பி வந்தவர் நடைவாசலிலேயே சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் முற்றத்துக்குள் கால் வைக்க வேண்டும். அந்த இருவருக்கும் நாங்கள் கொடுத்தது காலைக் காப்பியும் நன்றியும் மட்டுமே. அடுத்த முறை அவர்களின் பெட்ரோல் செலவையாவது எல்லோரும் பகிர வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ரேஷன் சாமான்களைக் குறித்த நாளில் வாங்கத் தவறாதீர்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 1,000 ரூபாயும் இலவசமாக அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயும் கிடைத்தன. 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருட்களும் வந்தன. டோக்கனில் நாளும் நேரமும் போட்டிருக்கும். முந்திக்கொள்ள வேண்டும் என்று விடிகாலையிலேயே போய் வரிசையில் நின்றவர்கள்தான் அதிகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

தண்ணீரும் காற்றும்

வளவில் உண்மையான சிக்கல் அடிபம்புதான். காலை ஆறு மணிக்கு ஏழு வீட்டுக் குடமும் அங்கே வரிசையாக நிற்கும். ஊர் வம்பும் அங்கேதான் நடக்கும். நாங்கள் வீட்டுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்தோம். சோப்புக்கட்டியை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, பம்புக்குப் பக்கத்து முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். வருகிறவர் முதலில் வலையோடு சேர்த்துச் சோப்பைக் கையில் உருட்டி, நுரை வந்ததும் அதே நுரையால் கைப்பிடியையும் தேய்த்துவிட்டு, பிறகுதான் தண்ணீர் அடிக்க வேண்டும். சோப்பு தரையில் விழாது, கரைந்து வீணாகாது, காக்கையும் தூக்கிக்கொண்டு போகாது. கை தேய்க்க 20 வினாடி வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணச் சொல்லிப் பழக்கினோம்.

கழிப்பறை இரண்டு இருந்தால், யாருக்காவது காய்ச்சல் என்று தெரிந்த உடனே ஒன்றை அவர்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், நோயாளி எல்லோரும் போய்வந்த பிறகு கடைசியாகப் போகட்டும். அவசரத்துக்கு இடையில் போக நேர்ந்தால், அடுத்தவர் உடனே நுழையாமல் கதவைத் திறந்துபோட்டுச் சற்றுநேரம் காற்றாட விட்டு, கரைத்து வைத்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரை ஊற்றிய பிறகு போகலாம்.

காற்றைப் பற்றி நாங்கள் பெரிய தவறு செய்தோம். 2020 முழுவதும் காய்கறியை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினோம், பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். ஆனால் நோய்க்காற்று உள்ளே வந்துவிடும் என்று பயந்து ஜன்னலைச் சாத்தினோம். இந்தக் கிருமி பெரும்பாலும் அடைத்த அறையில், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பதால்தான் பரவுகிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆகவே, மூச்சால் பரவும் நோய் என்று தெரிந்தால் ஜன்னலைத் திறங்கள், புறவாசல் கதவைத் திறங்கள், முடிந்தவர்கள் இரவில் முற்றத்திலோ மச்சிலோ படுங்கள். வளவுக்கு முற்றம் இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்பதை நாங்கள் ஓராண்டு தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம்.

பீடித் தொழில் செய்கிற வீடுகளுக்கு

ஊரடங்கில் பீடிக்கடை மூடியதும் இலை வரவில்லை, புகையிலைத் தூள் வரவில்லை, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலியும் நின்றது. வைப்பு நிதிக் கணக்கு உள்ளவர்கள், மூன்று மாதக் கூலி அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுக்கலாம் என்று அரசு அப்போது அறிவித்தது. எங்கள் வளவில் அதை எடுக்க முயன்ற பலருக்கு ஆதாரில் ஒரு பெயரும் கணக்கில் வேறு பெயருமாக இருந்ததால் பணம் வரவில்லை. நோய் இல்லாத இந்த நாட்களில் செய்து வைக்க வேண்டிய வேலை இது: பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, போன் எண் எல்லாம் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

கடை திறந்த பிறகு, ஒருவரே எல்லா வீட்டுப் பீடியையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அவரவர் பாஸ் புத்தகத்தில் தனித்தனியே குறித்து வாங்கி வரட்டும். பட்டாசல் என்னும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேசிக்கொண்டே சுற்றுவது நம் வழக்கம். அதை விட்டு, முற்றத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து இடைவெளி விட்டு உட்காருங்கள், பேச்சு நிற்காது. சுளகையும் கத்தரியையும் மாற்றி எடுக்காதீர்கள்.

தூள் நெடியால் நம் பெண்களுக்கு இருமல் எப்போதும் உண்டு. அதனாலேயே நோய் இருமலை அடையாளம் காண முடியாமல் போகும். 2021 மே மாதம் ஒரு நாள் காலை, என் மதினி தூள் பையின் வாயை அவிழ்த்துச் சுளகில் கொட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் இரண்டு தும்மல் போடுவாள், அன்று போடவில்லை. கையில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வாசமே தெரியலையே" என்றாள். காய்ச்சல்கூட அப்போது இல்லை. அன்றே அவளைத் தனியே இருக்க வைத்தோம். மறுநாள் பரிசோதனையில் நோய் உறுதியானது. இருமல் புதிதா பழையதா என்று குழம்பினால், வாசனை தெரிகிறதா, உடம்பு அசதியாக இருக்கிறதா, இரவில் காய்ச்சல் காய்கிறதா என்று கேளுங்கள். அடுத்து வரும் நோய்க்கு வேறு அறிகுறி இருக்கலாம். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நோய் வந்த வீடு

நோயாளிக்கான அறையை நோய் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். எங்கள் வளவில் தெருவை ஒட்டிய முதல் வீட்டின் தார்சா என்னும் முன்னறைக்குத் தெருப்பக்கம் ஜன்னலும் தனி வாசலும் உண்டு. அந்த வீட்டார் பின்னால் இரண்டு வீடுகளில் பிரிந்து படுத்துக்கொண்டு, தார்சாவை விட்டுக் கொடுத்தார்கள். சாப்பாட்டைத் தூக்குவாளியில் ஊற்றித் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்போம். உள்ளிருப்பவர் தன் தட்டில் ஊற்றிக்கொள்வார். நாக்கில் ருசி இல்லாதவர்களுக்குக் கஞ்சியும் கொள்ளில் அரைத்த கானத்துவையலும்தான் இறங்கின.

ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்றை எல்லோரும் பணம் போட்டு வாங்கினோம். நகப்பூச்சு இல்லாத விரலில், கையைச் சூடாக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைத்தால் மூச்சு சற்று எளிதாகும்; கர்ப்பிணிகளும் அப்போதுதான் சாப்பிட்டவர்களும் அப்படிப் படுக்கக்கூடாது.

கபசுரக் குடிநீரை நாங்களும் குடித்தோம், அதில் ஆறுதல் இருந்தது; ஆனால் அதை நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போடக்கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில் இன்னும் கவனம் வேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அவர் சர்க்கரை நோயாளி, சர்க்கரை கண்டபடி ஏறியது. 2021-இல் கரும்பூஞ்சை பலரைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, என் மனதில் பாரமாக இருக்கும் விஷயம். வளவில் கடைசி வீட்டு ஆச்சிக்குக் காய்ச்சல் வந்ததை அந்த வீட்டார் நான்கு நாள் மறைத்தார்கள். தெருவை அடைத்துத் தகரம் அடிப்பார்கள், கதவில் தாள் ஒட்டுவார்கள், ஊர் பேசும் என்ற பயம். ஐந்தாம் நாள் ஆக்சிஜன் 82. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் ஆச்சி திரும்பி வரவில்லை. அம்மை போட்ட வீட்டு நிலையில் நம் பாட்டிமார் வேப்பிலை செருகினார்கள். அதைப் பார்த்தவர்கள் உள்ளே போகவில்லை, ஆனால் யாரும் அந்த வீட்டைப் பழிக்கவுமில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்று மரியாதையோடு விலகி, வாசலில் இளநீரும் நுங்கும் வைத்துவிட்டுப் போனார்கள். ஆச்சிக்குப் பிறகு நாங்கள் அதையே செய்தோம். நோய் வந்த வீட்டார் தாமாகவே வேப்பங்கொத்து கட்ட வேண்டும். கட்டிய வீட்டுக்கு மற்ற ஆறு வீட்டாரும் சோறும் தண்ணீரும் முறைவைத்துக் கொடுக்க வேண்டும். அதன்பின் வந்த இரண்டு காய்ச்சலும் முதல் நாளே சொல்லப்பட்டன. காய்ச்சலைச் சொல்கிறவருக்குச் சோறு உறுதி என்றால்தான் அவர் சொல்வார். கூலிக்காரக் குடும்பத்தில் பயத்தைப் போக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

துக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று இருந்தது. ஆச்சியின் மகள்கள் மூவரில் ஒருத்திதான் வர முடிந்தது. மற்ற இருவருக்கும் போனில் காட்டினோம். பதினாறாம் நாள் காரியத்தைத் தள்ளிவைத்து, ஊரடங்கு தளர்ந்தபின் எல்லோரையும் அழைத்துச் செய்தோம். தள்ளிவைப்பதில் குற்றம் இல்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித்தேரே 2020-இலும் 2021-இலும் ஓடாமல் நிலையில் நின்றதே.

பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு போனை ஏழு வீட்டுக்கும் நம்பாதீர்கள். கல்வித் தொலைக்காட்சியில் வரும் பாட நேரத்தைச் சுவரில் எழுதி வைத்து, பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்குத் திண்ணையில் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டட்டும். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். இரண்டு பையன்கள் வேலைக்குப் போய்விட்டுப் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

இப்போது எங்கள் நடைவாசல் மாடக்குழியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் அந்த நோட்டு, காய்ச்சல் பார்க்கும் கருவி, ஆக்சிஜன் கருவி, பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், துணி முகக்கவசங்கள், ஒரு டஜன் சோப்பு ஆகியவை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, மாத்திரையின் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுகிறோம். ஆக்சிஜன் கருவியில் பேட்டரியைப் போட்டே வைத்தால் கசிந்து கருவி கெட்டுவிடும். கழற்றித் தனியே ஒரு தாளில் சுற்றி வையுங்கள்.