இரண்டாம் நாள் தொடை வலியும் அதில் நாம் செய்யும் தவறுகளும்

திங்கட்கிழமை காலை பாளை வ.உ.சி. மைதானத்தில் முதல் நாள் உற்சாகத்தில் 100 பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டவருக்கு அன்று ராத்திரி வரை ஒன்றும் தெரியாது. செவ்வாய் காலையில் கால் லேசாக உளையும். புதன்கிழமை மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டும், தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கும்போது வலி இப்படித்தான் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, 2 அல்லது 3-ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தணியும்.

'உடம்பில் அமிலம் தேங்கிவிட்டது' என்று சொல்லி எலுமிச்சை சோடா குடிப்பது முதல் தவறு. பயிற்சியின்போது ஊறும் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். புதன்கிழமை வலிக்கு அது காரணமே இல்லை. பழக்கமில்லாத தசை, நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய சிதைவு உண்டாகிறது. அதை ஆற்ற உடம்பு செய்யும் வேலைதான் வலியாகத் தெரிகிறது. பண்பொழி திருமலைக்கோவில் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடையின் முன்பக்கம் வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். இறங்கும் ஒவ்வொரு படியிலும் அந்தத் தசைதான் பிரேக் பிடிக்கிறது. பஸ்கியில் உட்காரும்போதும் தண்டாலில் உடம்பைத் தாழ்த்தும்போதும் இதே கதைதான். ஆகவே முதல் வாரம் 10 பஸ்கி, 2 சுற்று, அதுவும் பாதி ஆழம் வரை போதும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வலிக்கிறதே என்று கட்டிலோடு கிடப்பதும் தவறு, வலியோடு வலியாக மறுநாளே அதே பயிற்சியைச் செய்வதும் தவறு. சமதரையில் 15, 20 நிமிடம் மெதுவாக நடந்தால் பிடிப்பு தளரும். கால் வலித்தால் கைக்கு வேலை கொடுங்கள். வலி நன்றாகக் குறைந்த பிறகு, 3 அல்லது 4 நாள் கழித்து, அதே பயிற்சிக்குத் திரும்பினால் முன்போல் வலிக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிற்கும். முதல் வலியோடு நிறுத்திவிட்டு இரண்டு, மூன்று மாதம் கழித்து வருகிறவர் அந்தப் புதன்கிழமையை மறுபடியும் அனுபவிக்க நேரலாம்.

வெதுவெதுப்பான நல்லெண்ணெயை லேசாகத் தடவலாம். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று கட்டைவிரலால் அழுத்தி இழுக்க விடாதீர்கள்; புண்பட்ட தசை இன்னும் புண்படும். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் இதமாக இருக்கும். குற்றாலத்தில் நேரே அருவிக்கு அடியில் போய் முதுகைக் கொடுக்காமல் ஓரமாக நில்லுங்கள். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெந்நீர் ஒத்தடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்; வேறொருவர் கை வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

உளுந்தங்கஞ்சியும் முட்டையும் தசைக்கு நல்லவைதான், ஆனால் வலியை உடனே போக்கும் சாப்பாடு என்று எதுவும் இல்லை.

மிகவும் கவலை தருவது, மெடிக்கல் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை. சித்திரை வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்து, டைக்ளோஃபெனாக்கையோ இபுபுரூஃபெனையோ போட்டால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால், தசை வீங்கிக் கல்லாக இறுகினால், காலைத் தூக்கவே பலம் இல்லாமல் போனால், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன பயிற்சி எத்தனை தடவை செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்ப்பார்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் நடுவிலேயே 'சுரீர்' என்று பிடித்த வலியும், மூட்டில் வீக்கமும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாவதும் இந்தக் கணக்கில் சேராது. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சை அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியை 'நேற்று போட்ட தண்டால்' என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.