வற்றல் வடகத்துக்காக ஊருக்குப் போகிறவர்கள் டிசம்பரில் போகாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் பலரும் டிசம்பரில்தான் காரைக்குடிப் பக்கம் போகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, வெயிலும் கம்மி, நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பும் அந்தச் சமயத்தில்தான் வரும், எல்லாம் சரி. ஆனால் அப்பத்தாவோடு உட்கார்ந்து வற்றல் போடப் பழக வேண்டும், ஒரு வருஷத்துக்கு மிளகாய்ப்பொடி அரைத்து எடுத்து வர வேண்டும் என்று நினைத்தால் அது தப்பான மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி, அரைகுறையாகக் காய்ந்த வடகம் இரண்டே நாளில் புளிப்பு வாடை அடித்துப் பூத்துப்போகும்.

மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும்தான் இதற்கான காலம். லீவு கிடைத்தால் பங்குனி, சித்திரையைப் பிடியுங்கள். மே 4 வாக்கில் தொடங்குகிற அக்னி நட்சத்திரத்தில் வற்றல் நன்றாகக் காயும், குளிர் நாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளும் சேர்ந்து காய்ந்துபோவார்கள்! சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாயிலிருந்து நேராகத் திருச்சிக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர்.

பங்குனியில் புது மிளகாய் வந்துவிடும். பக்கத்து மாவட்டத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, குண்டாக இருக்கும், நிறமும் காரமும் குழம்புக்கு நன்றாகச் சேரும். காம்பைக் கிள்ளி, மல்லியோடு வெயிலில் காயவைத்து, மொறமொறவென்று ஆனதும் மில்லுக்குக் கொண்டுபோங்கள். கூடவே நின்று அரைத்து வாங்குங்கள், உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொடி சூடாக வரும், அதை அப்படியே பையில் கட்டினால் வியர்த்துக் கட்டி பிடிக்கும், தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு அப்புறம் அடையுங்கள். புளி வாங்கவும் இதுதான் காலம், கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவி வைத்தால் வருஷம் முழுக்க வரும்.

கூழ் வற்றல் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது “ஆச்சி, வற்றல் போடலாமா?” என்று கேட்டால் அவர்களும் பாவம் என்ன செய்வார்கள். நல்ல வெயிலாகக் குறைந்தது நாலு நாள் கையில் வேண்டும். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் கூழ் காய்ச்சி, பிழிந்து முடித்த பிறகுதான் வெயில் ஏற வேண்டும், மாடித்தளம் சுட ஆரம்பித்துவிட்டால் உட்காரவே முடியாது. ஒரு பங்கு அரிசிமாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், அரைத்த பச்சைமிளகாய், சீரகம், உப்பு. மாவு வெந்து கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும், ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், கூழில் சரியாக இருந்தால் காய்ந்ததும் கரிக்கும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். பழைய வெள்ளை வேட்டியில் ஊற்றியோ பிழிந்தோ விட்டு, சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் கிழியாமல் உரிந்துவரும். பிறகு திருப்பிப் போட்டு இரண்டு, மூன்று நாள் காயவிடுங்கள். வளைந்தால் இன்னும் காயவில்லை, டப்பென்று ஒடிந்தால் எடுத்து வைக்கலாம்.

மோர்மிளகாய்க்கு வேலை குறைவு, பொறுமைதான் வேண்டும். கீறிய மிளகாயை உப்பிட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயிலில் போட்டு, சாயங்காலம் திரும்பவும் அதே மோரில் போட வேண்டும், மோர் வற்றும்வரை இதையே செய்ய வேண்டும். மாங்காயைச் சீவி உப்பு மஞ்சளில் பிரட்டிக் காயவைத்த மாவற்றலும் செய்து கொள்ளுங்கள், அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற மண்டிக்கு அது இருந்தால் போதும். மாவடு அங்கேயே சாப்பிடுங்கள், உப்புத்தண்ணீரைப் பெட்டியில் சுமந்து வருவதில் அர்த்தமில்லை.

டிசம்பரைத் தவிர வேறு வழியே இல்லை என்கிறவர்களுக்கு நெல்லிக்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் இருக்கின்றன. உப்பில் ஊறப்போட அவ்வளவு வெயில் வேண்டியதில்லை.

ஜாடி பற்றி ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளில் அழகழகான பீங்கான் ஜாடிகள் கிடைக்கும், பேரம் பேசி வாங்குங்கள், ஆனால் அலமாரியில் வைக்கத்தான். பழைய ஜாடிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பும் உப்பும் அதைக் கரைக்கும். ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டில் போதும்.

இனி சுங்கம். ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கைப்பையில் வேண்டாம், பெட்டிக்குள் போடுங்கள். உப்புக்கண்டம் எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும் வாங்கி வராதீர்கள், பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எங்கேயும் இறைச்சியை விடமாட்டார்கள். பிரிட்டனும் ஐரோப்பாவும் பால் பொருளையும் தடுக்கின்றன, அதனால் மோர்மிளகாய்க்கு முதலில் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமீரகத்துக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இரண்டு இடத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும், விளையாட்டில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள், எழுதாமல் மாட்டினால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

வீடு வந்ததும் பொட்டலங்களைப் பிரித்துத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் நமுத்திருந்தால் ஓவனில் 60 டிகிரியில், கதவைச் சற்றே திறந்து வைத்து ஒரு மணி நேரம் காயவிட்டு, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.